நெல்லு வீட்டுக்கு மூன்று சுவர்

பீரோவுக்குப் பின்னால் சீப்பு விழுந்ததில்தான் ஆண்டாளுக்கு விஷயம் தெரிந்தது.

கிழக்கு அறையில் சுவரோடு ஒட்டி நிற்கிற இரும்பு பீரோ அது. அவளுடைய கல்யாணத்துக்குச் சீராக வந்தது. வந்த நாளிலிருந்து இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. அதற்குப் பின்னால் ஒரு கொண்டை ஊசிகூட நுழையாது. அன்றைக்குக் காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில் தலையை வாரிவிட்டுச் சீப்பைப் பீரோ மேல் போட்டாள். அது வழுக்கிக்கொண்டு பின்பக்கமாகப் போய்த் தரையில் விழுந்தது. கையை விட்டுப் பார்த்தாள். உள்ளங்கை தாராளமாகப் போயிற்று. பீரோவை யாரும் நகர்த்தவில்லை. அப்படியென்றால் சுவர்தான் நகர்ந்திருக்க வேண்டும்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் கால் வைத்து வீட்டைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனாள்.

வடக்கனந்தலிலிருந்து மலைக்குப் போகிற ரோட்டில், கரும்புக் கொல்லைகள் குறைந்து மரவள்ளிக் கொல்லைகள் கூடுகிற இடத்தில் இருக்கிறது அந்தக் கல் வீடு. ஆண்டாளின் வீட்டுக்காரர் பொன்னுரங்கத்தின் பாட்டனுக்கு அப்பன் கட்டியது. அடிவாரத்துப் பாறையை உடைத்து, வண்டி வண்டியாக அடித்து, இரண்டு முழ அகலத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். கல்லுக்கு நடுவில் செம்மண் சேறு, வெளிச்சந்துகளில் சுண்ணாம்பு, மேலே பனஞ்சட்டம், அதற்கு மேல் நாட்டு ஓடு. மலை மேற்கே இருக்கிறது. நிலம் அங்கிருந்து கிழக்கே சரிகிறது. தோட்டத்துப் பக்கம் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் அது வீட்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்துதான் நிற்கும்.

அந்தச் சரிவில், வீட்டுக்குக் கிழக்கே, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கட்டடங்கள் இருந்தன. வீட்டை ஒட்டி நெல்லு வீடு. அடுத்து மாட்டுக் கொட்டகை. ரோட்டோரமாக, ஒரு காலத்தில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சிய ஆலைக் கொட்டகை. இதில் நெல்லு வீட்டுக்குச் சொந்தமாக மூன்று சுவர்தான். நான்காவது, கல் வீட்டின் கிழக்குச் சுவரே. அதில் ஒரு கதவு வைத்திருந்தார்கள். அடைமழையிலும் நனையாமல் போய் ஒரு மரக்கால் நெல் அள்ளி வரலாம். கட்டினவர் மகா கஞ்சர், ஒரு சுவரை மிச்சம் பிடித்துவிட்டார் என்று குடும்பத்தில் நாலு தலைமுறையாகக் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். பேசினவர்கள் எல்லோரும் அந்தச் சுவருக்குள்தான் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இப்போது நெல்லு வீடு இல்லை. அது இருந்த இடத்தில் கற்குவியலும் தண்ணீர் தேங்கிய பள்ளமும்தான் இருந்தன. அத்தனை வருஷம் உள்சுவராக இருந்த கிழக்குச் சுவர், முதல்முறையாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. இடுப்பு உயரத்துக்கு மேலே அது வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. ஆண்டாள் அண்ணாந்து பார்த்தாள். கல் சந்துகளிலிருந்து செம்மண் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

நெல்லு வீடு போன கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

பொன்னுரங்கத்துக்கு ஒரே தம்பி, தீனதயாளன். பதினாலு வயசு இளையவன். நிலத்தை எப்போதோ பிரித்தாகிவிட்டது. மாமியார் காலமான பிறகு வீட்டைப் பிரிக்க வேண்டி வந்தது. அந்தப் பக்கத்தில் பாகம் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. மூத்தவன் கூறு போடுவான். இளையவன் தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்வான். கூறு போட்டவனுக்கு மிச்சம். ஏமாற்ற நினைத்தால் தன் தலையிலேயே விடியும் என்பதற்காகப் பெரியவர்கள் யோசித்து வைத்த ஏற்பாடு அது. யோசித்தவர்களுக்கு ஆண்டாளைத் தெரியாது.

ஆண்டாளுக்குக் கல் வீடு வேண்டும். அவள் அதைப் பெருக்கி மெழுகிய வருஷங்களுக்கு அது தனக்குத்தான் சேர வேண்டும் என்று உறுதியாக நம்பினாள். கூறு போடுவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே வேலையை ஆரம்பித்தாள். கொழுந்தன் வந்தால் காபி ஆற்றிக் கொடுத்து, “தம்பி, நாயித்துக்கெழமன்னா எத்தினி காரு மலைக்குப் போவுது பாரு. அத்தினி பேரும் கரியாலூரு போயிதான் சோறு தின்னணும். நடுவுல ஒரு நல்ல ஓட்டலு இல்ல,” என்று சொல்லுவாள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தீனதயாளன் ரோட்டோரம் நின்று காரை எண்ண ஆரம்பித்தான்.

கல் வீடும் தோட்டமும் ஒரு கூறு. நெல்லு வீடு, மாட்டுக் கொட்டகை, ஆலைக் கொட்டகை, ரோட்டு முகப்பு எல்லாம் இன்னொரு கூறு. பொன்னுரங்கம் சொல்லி முடிப்பதற்குள் தம்பி, “எனக்கு ரோட்டுப் பக்கம்,” என்றான். அவன் பெண்சாதி ஜெயசுதா ஆண்டாளை ஒரு பார்வை பார்த்தாள்.

பத்திரம் எழுதிய ஆதிமூலம்தான் ஒரு சந்தேகம் கேட்டார். “ஏம்மா, அந்தக் கெழக்குச் செவுரு ரெண்டு பேருக்கும் பொதுன்னு எழுதிடட்டா?”

“பொதுன்னா நாளைக்கு ஒரு ஆணி அடிக்கக்கூட அவுங்கள கேட்டுக்கினு நிக்கணும். செவுரு முழுக்க எங்களுதுன்னு எழுதுங்க,” என்றாள் ஆண்டாள்.

எழுதி வாங்கினாள். ஒரே வாரத்தில் நெல்லு வீட்டுக்குப் போகிற கதவைக் கழற்றிவிட்டு, செங்கல் வைத்துச் சிமெண்டு பூசி அடைத்தாள். தீனதயாளன் குடும்பம் ஆலைக் கொட்டகைக்கு ஷீட் போட்டுக்கொண்டு குடி போயிற்று. ஆவணியில் அவன் பொக்லைன் கொண்டுவந்து நெல்லு வீட்டை இடித்தான். கடைக்கு அஸ்திவாரம் போடக் கல் வேண்டும். ஒரு காலை நேரத்தில் வேலை முடிந்தது. இறக்கிய ஓட்டில் பாதி கேட்டுப் பொன்னுரங்கம் போக, இரண்டு பேருக்கும் வாய் முற்றி, அன்றோடு பேச்சு நின்றது. ஆண்டாள் வடக்கு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். இனிமேல் வாசலுக்குக் கிழக்குக் காற்று நன்றாக வரும் என்று சந்தோஷப்பட்டாள்.

ஐப்பசியில் அந்தக் கிழக்குக் காற்று சாரலோடு வந்தது.

கல்லு மேஸ்திரி சுப்புராயன் அன்று மத்தியானமே வந்து பார்த்தார். சுவரின் நேர் பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். விரலால் கல்லிடுக்கைச் சுரண்டினார். பொன்னுரங்கம் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார்.

“செவுரு வவுறு தள்ளிக்கிச்சுங்க,” என்றார் சுப்புராயன்.

“நூறு வருசம் நின்ன செவுரு, இப்ப இன்னா வந்துச்சாம்?” என்றார் பொன்னுரங்கம்.

“இத்த பாருங்க. இந்த ரெண்டு எடத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓட்ட ஓட்டயா கீதே, நெல்லு வூட்டோட குறுக்குச் செவுரு ரெண்டும் இங்கதான் பூந்து இருந்துச்சு. ரெண்டு வரிசக்கி ஒரு நீட்டுக் கல்லு உங்க செவுத்துக்குள்ள ஓடும். பொக்லைன்காரன் சும்மா இழுத்துருக்கான். பல்லு புடுங்கினாப்ல அத்தினியும் வந்துருக்குது.”

“அது வந்தா இன்னா?” என்றாள் ஆண்டாள்.

“ஏம்மா, நெலம் கெழக்க சாயுது. மேல ஓட்டுப் பாரம். இத்தினி வருசமா அந்த ரெண்டு செவுருதான் உங்க வூட்ட சாயாம தாங்கிக்கினு இருந்துச்சு. நீங்க அத்த நெல்லு வூடுன்னு நெனச்சிக்கினு இருந்தீங்க. கட்டனவன் முட்டு குடுத்துட்டு, குடுத்த முட்டு சும்மா கெடக்குதேன்னு அதுல நெல்லு கொட்டியிருக்கான். இன்னொண்ணு, மத்த பக்கமெல்லாம் சந்துக்குச் சுண்ணாம்பு கீது. இந்தப் பக்கம் உள்ளாற தானேன்னு வெறும் சேத்தோட வுட்டுட்டான். மழ அடிக்க அடிக்கக் கரையுது.”

“எத்தினி நாளு தாங்கும்?”

சுப்புராயன் மலைப் பக்கம் பார்த்தார். மலை தெரியவில்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கியிருந்தது.

“இப்புடியே இன்னும் ரெண்டு மழ அடிச்சா நான் சொல்ல மாட்டன். கெழக்கு ரூம்புல படுக்காதீங்க. ஒடனே கம்பு வெச்சு முட்டுக் குடுக்கணும். தார்ப்பாய் போட்டு மூடணும். பொங்கலு கழிச்சு, அந்த ரெண்டு குறுக்குச் செவுத்தையும் அதே எடத்துல திரும்ப எழுப்பிக் கோக்கணும். வேற வழி இல்ல.”

“கம்பு எங்க நடறது?” என்று கேட்டார் பொன்னுரங்கம்.

“எங்க நடறதுன்னா? தோ இங்கதான்.”

அவர் காட்டிய இடம் தீனதயாளனுடையது. எல்லை காட்டும் அளவுக்கல் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. ஆண்டாள் கேட்டு நட வைத்த கல்தான்.

மேஸ்திரி போன பிறகு பொன்னுரங்கம் உள்ளே வந்து உட்கார்ந்தார். “அவங்கிட்ட போயி நான் கைகட்டிக்கினு நிக்கணுமா? வூடு வுழுந்தா வுழட்டும்,” என்றார்.

“வுழுந்தா எங்க போயி படுப்பீங்க?”

“திருப்பூருக்குப் போறன், புள்ளகிட்ட.”

“நாலு நாளு அங்க இருந்துட்டு, மூச்சு முட்டுதுன்னு ஓடியாந்தவருதான நீங்க.”

தம்பியிடம் பொன்னுரங்கம் போகமாட்டார் என்பது ஆண்டாளுக்குத் தெரியும். வேறு யாரும் போகவும் முடியாது. கூறு போட்டது அவர் வாய், ஆனால் கணக்குப் போட்டது அவள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம் ஜாஸ்தியாக இருந்தது. வெறுங்கையோடு போவதற்கு மனசு வராமல், கருவாட்டுக் குழம்பை ஒரு தூக்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். முன்பெல்லாம் கதவைத் திறந்து, நெல்லு வீட்டில் புகுந்து, மாட்டுக் கொட்டகையைத் தாண்டி நாலே எட்டில் போய்விடலாம். இப்போது வடக்கு வாசல் வழியாக இறங்கி, வேலியைச் சுற்றி, ரோட்டில் ஏறி, மழையில் நனைந்துகொண்டு போக வேண்டியிருந்தது.

ஆலைக் கொட்டகையில் ஜெயசுதா கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். வெல்லம் காய்ச்சிய பழைய கொப்பரை கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் பிள்ளைகளின் துணி காய்ந்துகொண்டிருந்தது. மாவு கொட்டியாகிவிட்ட பானையை விட்டு எழுந்திருக்க முடியாது. நிமிர்ந்து மட்டும் பார்த்தாள்.

“இன்னாக்கா, வழி தெரிஞ்சுதா?”

“கொழம்பு வெச்சன். களிக்கு நல்லா இருக்கும்.”

“வெய்யி.”

ஆண்டாள் தூக்கை வைத்தாள்.

“செவுரு வவுறு தள்ளிக்கிச்சு ஜெயா.”

“பாத்தன். மூணு நாளா பாத்துக்கினுதான் கீறன்.”

“பாத்துக்கினு ஒரு வார்த்த சொல்லலியே.”

“உங்க செவுரு. எழுதி வாங்கினது. அதுல நான் இன்னான்னு வாயத் தொறக்கறது?”

ஆண்டாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வந்த காரியத்தைச் சொன்னாள். கம்பு நட இடம் வேண்டும், தை பிறந்ததும் இரண்டு குறுக்குச் சுவர் எழுப்ப வேண்டும், அதற்கு அந்தப் பழைய கல்லே வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது ரொம்ப ஜாஸ்தியாகத் தெரிந்தது.

“எங்க எடத்துல, எங்க கல்லுல, உங்க வூட்டுக்கு,” என்றாள் ஜெயசுதா. களி இறுக ஆரம்பித்திருந்தது. பானை துடுப்போடு சேர்ந்து ஆடியது. “அந்தப் பானயக் கொஞ்சம் புடி.”

ஆண்டாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழந்துணியால் பானையின் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் பதினாறு வருஷம் இப்படித்தான் களி கிண்டினார்கள். கை தானாகப் பழைய இடத்துக்குப் போயிற்று.

“ஒண்ணு கேக்கறன், நெசத்தச் சொல்லு. அந்தக் கூறு யாரு போட்டது?”

“உங்க மாமாதான…”

“அக்கா.”

ஆவி முகத்தில் அடித்தது. பானையை விட்டுவிட்டு எழுந்து போகவும் முடியாது. கொதிக்கிற களி காலில் கொட்டும்.

“நான்தான்,” என்றாள் ஆண்டாள்.

“ஓட்டலு வெய்யின்னு தலையில ஏத்தினது?”

“அதுவும் நான்தான்.”

“தெரியும்.” ஜெயசுதா துடுப்பைத் திருப்பிப் போட்டாள். “நீ அவுருக்குக் காபி ஆத்திக் குடுத்தப்பவே தெரியும். பதினாறு வருசத்துல என்னிக்காவுது குடுத்திருக்கியா?”

“தெரிஞ்சிக்கினு ஏன் சும்மா இருந்த?”

“சொன்னா யாரு கேப்பாங்க? அவுரு காரு எண்ணிக்கினு கெடந்தாரு. அதுவுமில்லாம, எனக்கும் தனியா போனா போதும்னு இருந்துச்சு. உங்கூட ஒரே அடுப்புல நின்னு நின்னு எனக்கு அலுத்துப் போச்சுக்கா. மழைக்கு ஒழுவற கொட்டாயில வந்து கெடக்கறப்பதான், கொஞ்சம் அவசரப்பட்டுட்டமோன்னு தோணுது.”

ஆண்டாளின் கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. “தப்புதான் ஜெயா,” என்றாள்.

தீனதயாளன் கொல்லையிலிருந்து நனைந்து வந்து வாசலில் நின்றான். அண்ணி பானை பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் விழித்தான். ஜெயசுதா அவனிடம் நாலு வார்த்தையில் சொன்னாள். காபி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதை ஆண்டாள் கவனித்தாள்.

“கல்லுல பாதி அஸ்திவாரத்துல எறக்கிட்டனே அண்ணி,” என்றான் அவன்.

“தோண்டி எடு,” என்றாள் ஜெயசுதா. “ஓட்டலுக்கு சமையகட்டு வேணும்ல. அந்த ரெண்டு செவுத்துக்கு நடுவுல அத்த கட்டு. கட முன்னாடி வரட்டும். ஆனா ஒண்ணுக்கா. ஆதிமூலத்தக் கூப்ட்டு செவுரு பொதுன்னு மாத்தி எழுதணும்.”

“எழுதிக்கலாம்,” என்றாள் ஆண்டாள்.

“ஆணி அடிக்கறதுன்னா என்னையும் ஒரு வார்த்த கேக்கணும்.”

“கேக்கறன்.”

தீனதயாளன் சோறு தின்ன உட்காரவில்லை. கொல்லையில் வெட்டிப் போட்டிருந்த சவுக்குக் கம்பில் பருமனானதாகப் பார்த்து ஒன்பது கம்பு சுமந்து வந்தான். சுவருக்கு எதிரே முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினான். சத்தம் கேட்டுப் பொன்னுரங்கம் வெளியே வந்தார். கொஞ்ச நேரம் ஓட்டு இறவாரத்தில் நின்று பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதெல்லாம் வேலைப் பேச்சுத்தான்.

“புடி.”

“இன்னும் கொஞ்சம் மேல.”

“கல்லு வெய்யி அடியில.”

“போதும். அழுத்தாத, உள்ள போயிடப்போவுது.”

இருட்டுவதற்கு முன்னால் ஒன்பது கம்பும் சாய்ந்து நின்று சுவரைப் பிடித்துக்கொண்டன. மேலே தார்ப்பாய் போட்டுக் கல் ஏற்றினார்கள். அண்ணன் தம்பியிடம் பீடி கேட்டார். தம்பி கொடுத்தான். இரண்டு பேரும் மழையில் நனைந்த தீப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள்.

கார்த்திகை மழைக்கு வீடு நின்றது. ஒரு தரம் விடிகாலையில் உள்ளே சேறு சரிகிற சத்தம் கேட்டு, எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்து நின்றார்கள். ஒன்றும் விழவில்லை. அந்த மாதம் முழுக்க ஆண்டாள் கிழக்கு அறைப் பக்கம் போகும்போதெல்லாம் சத்தம் போடாமல் நடந்தாள்.

தை பிறந்து பத்தாம் நாள் சுப்புராயன் வேலை தொடங்கினார். அஸ்திவாரத்தில் இறக்கிய கல்லைத் தோண்டி எடுத்தார்கள். கருணாபுரத்திலிருந்து வந்த சித்தாள் மணிமொழி செம்மண்ணையும் மணலையும் மிதித்துப் பதம் பார்த்துக் கொடுத்தாள். “எறக்கின கல்லையே ஏத்துற வூட்ட இப்பத்தாங்க பாக்கறன்,” என்று அவள் சொன்னபோது யாருக்கும் கோபம் வரவில்லை. பிதுங்கிய பாகத்தை மேலிருந்து கழற்றி, ஓட்டுக் கூரையைக் கம்பில் தாங்கவிட்டு, மறுபடி நூல் பிடித்துக் கட்டினார்கள். இரண்டு வரிசைக்கு ஒரு நீளக் கல் குறுக்குச் சுவரிலிருந்து வீட்டுச் சுவருக்குள் போயிற்று. ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது ஆண்டாள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பீரோவை ஆறு பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். சீப்பு கிடைத்தது.

கதவு இருந்த இடத்துக்கு வந்தபோது சுப்புராயன் கரண்டியைக் கீழே வைத்தார். ஆண்டாள் வைத்து அடைத்த செங்கல் அங்கே தனியாகச் சிவந்து நின்றது.

“இந்தச் செங்கல்லு கல்லோட சேராதும்மா. எடுத்துத்தான் ஆவணும். கல்லு வெச்சு அடைச்சிடட்டா, இல்ல பழைய நெலய வெச்சுடட்டா?”

ஆண்டாள் ஜெயசுதாவைப் பார்த்தாள். சுவர் இப்போது பொது.

“நெலய வெய்யி மேஸ்திரி,” என்றாள் ஜெயசுதா. “மழையில ஊர சுத்திக்கினு கொழம்பு தூக்கியாரணுமா?”

பழைய நிலையும் கதவும் தோட்டத்தில் சாய்த்து வைத்தபடியே இருந்தன. அவற்றைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். கதவு ஒருக்களித்து நின்றது. சுப்புராயன் அதை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

“தாப்பா எந்தப் பக்கம்?”

பொன்னுரங்கம் தம்பியைப் பார்த்தார். தம்பி பெண்சாதியைப் பார்த்தான்.

“ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு வெச்சுடு,” என்றாள் ஜெயசுதா. “அவுங்களுக்கு வேணும்னா அவுங்க போட்டுக்கட்டும், எங்களுக்கு வேணும்னா நாங்க போட்டுக்கறம். யாருக்கும் மனத்தாங்கல் இல்ல.”

அது நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. தீனதயாளன் வண்டியில் போய் இரண்டு தாழ்ப்பாள் வாங்கி வந்தான். ஒன்றை நெல்லு வீட்டுப் பக்கம் அடித்து முடித்துவிட்டு, சுப்புராயன் இரண்டாவதை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

“எங்க பக்கம் வேணாம்,” என்றாள் ஆண்டாள்.

“ஏமே, இன்னா சொல்ற?” என்றார் பொன்னுரங்கம். “நம்ம வூடு தொறந்தே கெடக்கறதா? அவுங்க நெனச்சா சாத்துவாங்க, நெனச்சா வருவாங்க.”

“வரட்டும்.”

ஜெயசுதா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கூறு போட்ட அன்றைக்குப் பார்த்த மாதிரியே ஆண்டாளைப் பார்த்தாள். இந்த முறை பார்வையோடு நிற்கவில்லை.

“இன்னாக்கா, இதுல இன்னா கணக்கு வெச்சிருக்க?”

ஆண்டாள் சுப்புராயன் கையிலிருந்த தாழ்ப்பாளை வாங்கி, நிலையைத் தாண்டி அவளிடம் நீட்டினாள்.

“இந்த வாட்டி ஒண்ணும் இல்ல ஜெயா,” என்றாள்.